பயணச்சீட்டு சொல்லாத நேரம்

 

உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோரின் பயணச்சீட்டைப் பிள்ளைகள் வாங்கிப் பார்க்கின்றனர். சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பாடு. ஜித்தாவில் பகல் 1.30 மணிக்கு வருகை என்றிருக்கிறது எனக் கொள்வோம். "மூன்றரை மணி நேரந்தானே!" என்று மகிழ்ந்து, அதற்கேற்பவே உணவையும் மருந்தையும் கட்டித் தருகின்றனர். இக்கணக்குச் சரியன்று.

சீட்டில் உள்ளவை அந்தந்த ஊரின் கடிகார நேரங்கள். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே பகல் 1.30 எனில் இங்கே மாலை 4. ஆகவே, உண்மைப் பயணம் 6 மணி நேரம். இரு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டராகும். போகும்போது சீட்டின் இடைவெளியுடன் இரண்டரை மணியைக் கூட்டுங்கள், திரும்பும்போது கழித்துவிடுங்கள். வான் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றின் உதவியால் திரும்பும் பயணம் பெரும்பாலும் சற்று முன்னதாகவே முடியும்.

இனி, திருச்சுழியிலிருந்து கணக்கிடுவோம். சென்னைக்குச் சாலைவழி 500 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவுப் பயணம். விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருத்தல் வேண்டும். அதன்பின் வானில் 6 மணி நேரம். எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள்! முழங்கால் வலியுள்ள தாய்க்கும் நீரிழிவுள்ள தந்தைக்கும் இது சிறு பயணமன்று. இயன்றால் முந்திய நாளே சென்னை சேர்ந்து ஓய்வெடுக்கச் செய்யுங்கள். இன்சுலின் போடுவோர் வேளை மாறுவது குறித்து மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள்.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. ஜித்தாவில் இறங்குமுன்பே விமானம் மீக்காத் எல்லையை வானில் கடந்துவிடும். 'இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தாலோ, அறிவிப்பு வரும் வேளையில் உறங்கிவிட்டாலோ எல்லை தாண்டிவிடும். பிறகு மீக்காத்துக்குத் திரும்ப வேண்டும். இயலாவிடில் பரிகாரமாகப் பலி கொடுக்க நேரிடும். எனவே, ஆடவர் இஹ்ராம் துணியை ஏறுமுன்பே உடுத்திக்கொண்டு, எல்லைக்கு முன்பாக நிய்யத் செய்வது நலம். பயணத்தில் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கச் சலுகையுண்டு. நோற்பவர், ஊர்க் கடிகாரத்தைப் பாராமல், விமானத்திலிருந்து காணும் சூரியன் மறைந்த பின்னரே நோன்பு திறக்க வேண்டும். மேற்கே செல்லச் செல்லப் பகல் நீளும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

1995 வரை மும்பையிலிருந்து ஹாஜிகள் கப்பலில் சென்றனர். கடலில் கழிந்த நாட்களில் உடலும் உள்ளமும் ஆயத்தமாயின. விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஆயத்தத்தை வீட்டிலேயே முடித்தாக வேண்டும். இன்றே சீட்டை எடுத்து, பெற்றோருடன் அமர்ந்து, ஊர் நேரத்தையும் ஜித்தா நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் இலேசாக்குவானாக! ஆமீன்.