வேலிக்குள் எரியும் விளக்கு



சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவர் இருவர் லாஸ்டிக்கும் கையுமாகப் பிடிபட்டார்கள். அவர்கள் குறி வைத்தது குருவியை அல்ல. தோட்டத்து எல்லையில் இருக்கிற மின் நிலையத்து விளக்கை. சப்ஸ்டேஷன் என்கிறோமே, அதுதான். ஏனடா என்று கேட்டேன். "ராத்திரி பூரா வெளிச்சம் எங்க வீட்டு ஜன்னல்ல அடிக்குது சார். தங்கச்சி தூங்கவே மாட்டேங்குது" என்றான் ஒருவன்.

போய்ப் பார்த்தேன். பையன் சொன்னது உண்மை. கடைசி லயத்து நான்கு வீடுகளிலும் ஜன்னலைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு எழ வேண்டியவர்களுக்குத் தூக்கம் சின்ன விஷயமா? ஆனாலும் பையன்களைக் கண்டித்தேன். "நல்லாத்தானே செஞ்சான்" என்று என்னிடமே சொன்ன பெற்றோரும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒருவன் இப்போது வேறு ஊரில் இத்தகைய நிலையங்களில் மின் வேலை செய்கிறான். அவனிடம் கேட்டேன். "சார், அந்த விளக்கு திருடனுக்காக மட்டும்னு நினைச்சீங்களா? எங்க உசிருக்காக" என்றான்.

விஷயம் இதுதான். பெரிய நிலையத்துக்கு மின்சாரம் 132,000 வோல்ட்டில் வருகிறது. அங்கே 33,000, 11,000 என்று குறைந்து, கடைசியில் நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வந்து சேர்கிறது. நடு இரவில் ஏதாவது பழுதானால், ஆள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். முதலில் பிரேக்கர் மின்சாரத்தை வெட்டும். ஆனால் அது மூடிய பெட்டிக்குள் நடப்பது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் அடுத்து ஐசொலேட்டரைத் திறப்பார்கள். கத்தி போன்ற மூன்று உலோகக் கைகள் ஆகாயத்தில் விலகி நிற்கும். மூன்றும் முழுதாக விலகினவா என்று தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒன்று பாதியில் சிக்கி நின்று, அதைக் கவனிக்காமல் அடுத்த வேலைக்குப் போனால், அந்த வீட்டில் விடியும்போது ஒப்பாரிதான்.

அதற்காக வெள்ளமாக வெளிச்சம் வேண்டியதில்லை. அமெரிக்க மின் பாதுகாப்பு விதிநூல் இத்தகைய இடத்துக்குக் கேட்பது 22 லக்ஸ்தான். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு. முழுநிலவு ஒரு லக்ஸ் கூடத் தராது. வகுப்பறைக்கு 300 வேண்டும். ஆக 22 என்பது சுமாரான வெளிச்சம்தான். ஆனால் அது தரையில் மட்டும் விழுந்தால் போதாது. உயரத்தில் நிற்கும் அந்தக் கத்திகளின் பக்கவாட்டிலும் விழ வேண்டும். ஒரே பக்கமிருந்து அடித்தால் மறுபக்கம் நிழல். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தாவது வர வேண்டும்.

கம்பத்தை எங்கே நடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மின்கம்பிக்கு மேலே விளக்கை மாட்டினால், பல்பு மாற்றப் போகிறவன் கதி என்ன? அதனால் ஏணி வைத்தாலும் கம்பியை நெருங்காத தூரத்தில் நடுவார்கள். கம்பமே சாய்ந்தாலும் கம்பிமேல் விழக்கூடாது. எல்லா விளக்கையும் ஒரே இணைப்பில் கோர்ப்பதும் தவறு. ஒரு பியூஸ் போனால் முற்றமே இருண்டுவிடும். நிலையத்துக்கே மின்சாரம் நின்றுபோனால் எரிவதற்கென்று சில விளக்குகள் பேட்டரியில் இருக்க வேண்டும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு அணைந்தால் சூடு ஆறித்தான் மறுபடி எரியும். அந்தச் சில நிமிடம் இருட்டுதான். அதன் வெளிச்சத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் பிரித்தறிவதும் கடினம். மின்கம்பிகளுக்கு அடையாளமே அந்த நிறங்கள்தாமே! இப்போதைய எல்.இ.டி. விளக்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும், பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குப் பாம்பு. அது தனிக் கதை.

இனி நம் ஜன்னலுக்கு வருகிறேன். என் மாணவன் சொன்ன ஒரு சொல் என்னை நிறுத்தியது. "வீட்டு ஜன்னல்ல அடிக்கிற விளக்கு எங்க கண்ணுலயும் அடிக்கும் சார்." விளக்கு படுக்கையாகத் திரும்பியிருந்தால், அண்ணாந்து பார்க்கிறவன் கண் கூசும், கத்தி திறந்ததா மூடியதா தெரியாது. கீழ்நோக்கித் திருப்பி, மேலே மூடி போட்டால் அவனுக்கும் நல்லது, நமக்கும் தூக்கம் வரும். வேலியோரம் மங்கலாக இரவெல்லாம் சில விளக்கு, உள்ளே ஆள் போகும்போது மட்டும் மற்றவை என்று பிரித்து வைக்கவும் வழியுண்டு. பழுது அவர்கள் திருப்பி வைத்த விதத்தில்தான். ஆனால் கல்லெறிந்தால் உடைவது விளக்கு மட்டுமல்ல. இருட்டில் செப்புக் கம்பி திருட வருகிறவனுக்கும் அது வசதி. நிலத்துக்குப் போகும் அந்தக் கம்பி போனால், உள்ளே நிற்பவனுக்கு ஆபத்து. நம் வீட்டுக்குக் கூடுதல் வோல்ட் வந்து தொலைக்காட்சி புகைந்தாலும் புகையும்.

ஆகவே கடைசி லயத்து மக்களோடு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். எந்தக் கம்பம், எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை வீட்டில் அடிக்கிறது, எத்தனை மணிக்கு எல்லாம் எழுதி, படமும் எடுத்து வைத்தோம். வாசற்பலகையில் இருந்த நிலையத்தின் பெயரையும் குறித்தோம். அதைப் படிக்க வேலியைத் தாண்டத் தேவையில்லை, தாண்டவும் கூடாது. கையெழுத்துப் போட்டவர்களில் அந்த இரண்டு பையன்களின் அப்பாக்களும் உண்டு.

பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த மாதம் நேரில் போவதாக இருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் இதே தொல்லை இருந்து, கடிதம் எழுதக் கை வரவில்லையென்றால், பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், எழுதித் தருவார்.