கிடங்குக்குக் காவல் கோட்டை!
நாட்செஸ் மக்களின் நிலம் பறிபோன கதை

"பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரனைப் போலல்ல, சுதேசிகளோடு சிநேகமாகப் பழகினான், நியாயமாக வியாபாரம் செய்தான்" என்று ஒரு பல்லவி நெடுங்காலமாகப் பாடப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் பழைய சரித்திரப் புத்தகங்களிலும் அது உண்டு. புதுச்சேரியின் பழம்பெருமை பேசும் கனவான்களின் வாயிலும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்களில் 12 பேரைச் சுட்டுக் கொன்றது எந்த நல்லவனுடைய போலீஸ் என்று இந்தக் கனவான்களை நாம் கேட்கிறோம். அது ஏதோ ஒரு நாள் கைதவறி நடந்தது என்பார்கள். சரி, இருநூறு வருஷம் பின்னே போவோம். வட அமெரிக்காவில், மிஸிஸிபி ஆற்றங்கரையில், பிரெஞ்சுக்காரர்கள் எல்லைக் காவலுக்கென்று கட்டிய ரோஸலி கோட்டையின் கதையைப் பார்ப்போம்.

அந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்தவர்கள் நாட்செஸ் என்ற செவ்விந்திய மக்கள். சோளம் பயிரிட்டார்கள், மான் வேட்டையாடினார்கள். 1714ல் அவர்களிடம் வந்தது கோட்டையல்ல, ஒரு கிடங்கு. துப்பாக்கி, வெடிமருந்து, கம்பளி, சாராயம் உள்ளே வந்தன. மான் தோலும் தானியமும் வெளியே போயின. மறு வருஷம் அவ்வழியே போன பிரெஞ்சு கவர்னர் காடியாக், அம்மக்கள் நீட்டிய சமாதானப் புகைக்குழாயைத் தொட மறுத்துவிட்டான். அவர்கள் வழக்கில் அதற்கு யுத்தம் என்றே அர்த்தம். பிரெஞ்சு வியாபாரிகள் சிலர் கொல்லப்பட்டார்கள்.

1716ல் பியான்வில் என்ற தளபதி வந்தான். அவனிடம் இருந்தது சின்னப் படைதான். ஆகவே பேச்சு வார்த்தைக்கென்று தலைவர்களை அழைத்து, வந்தவர்களை விலங்கிட்டு வைத்துக்கொண்டான்! கொலை செய்தவர்களின் தலை வேண்டும், கோட்டைக்கு 2,500 மரக்கம்பங்கள் வெட்டிக் கொண்டுவந்து தரவேண்டும் என்று நிபந்தனை போட்டான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கச் சொன்னது போல, தங்களை அடக்கப்போகும் கோட்டைக்கு அம்மக்களே மரம் சுமந்தார்கள். பிரான்சில் இருந்த ஒரு சீமாட்டியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கம்பெனி வந்தது

கோட்டைக்குப் பின்னால் கம்பெனி வந்தது. 1719ல் பல கம்பெனிகள் ஒன்றாகி உருவான பிரெஞ்சு இந்தியக் கம்பெனிதான் அது. நமக்கு அது அந்நியமல்ல; புதுச்சேரியை ஆண்டதும் இதே கம்பெனிதான். பிரான்சில் புகையிலை விற்கும் ஏகபோக உரிமை அதன் கையில் இருந்தது. இங்கிலீஷ்காரனிடம் புகையிலை வாங்குவானேன், நாமே விளைவிப்போம் என்று கணக்குப் போட்டார்கள். நாட்செஸ் மண் நல்ல மண். பாடுபட ஆள் வேண்டுமே? ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1719க்கும் 1731க்கும் இடையில் ஏறக்குறைய 6,000 பேரைச் சங்கிலியில் கட்டி அந்தக் காலனிக்கு இறக்கினார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிகளும், ஆப்பிரிக்காவில் மனிதனுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் சேர்ந்தவை. நெய்தவனுக்கு அது எங்கே போகிறதென்று யார் சொன்னார்கள்?

தோழர்களே! கடன் என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1722ல் ரோஸலி கோட்டையின் சார்ஜண்ட் ஒருவன், தனக்குச் சோளம் பாக்கி வைத்திருந்த நாட்செஸ் கிழவர் ஒருவரிடம் உடனே அளக்கச் சொன்னான். கதிர் முற்றவில்லை, முற்றியதும் தருகிறேன் என்றார் கிழவர். வாய்ச்சண்டை முற்றிற்று. கோட்டைச் சிப்பாய் கிழவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்குக் கிடைத்த தண்டனை? ஒரு கண்டிப்பு! அவ்வளவுதான். ஆத்திரத்தில் அம்மக்கள் கிளம்பியபோது, பியான்வில் 1723ல் பெரும்படையோடு வந்து ஒரு கிராமத் தலைவரின் தலையையும், அவர்களோடு சேர்ந்திருந்த சுதந்திரமான கறுப்பர் ஒருவரின் தலையையும் வாங்கிக்கொண்டு போனான்.

நாட்செஸ் சமுதாயம் சமத்துவ சமுதாயம் என்று நாம் சொல்லவரவில்லை. சூரியன் என்ற பட்டத்தோடு அரசன், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே 'நாற்றம் பிடித்தவர்கள்' என்று இகழப்பட்ட சாதாரண ஜனம் என்று அங்கும் ஏணிப்படி இருந்தது. பெரியவர்கள் செத்தால் கூட ஆட்களைப் பலி கொடுக்கும் கொடுமையும் இருந்தது. அதைக் காட்டித்தான் 'நாகரிகம் கற்பிக்க வந்தோம்' என்றார்கள். நாகரிகம் கற்பிக்க வந்தவனுக்குப் புகையிலைத் தோட்டம் எதற்கு?

1729ல் ஷெப்பார் என்ற கோட்டைத் தலைவன், 'வெள்ளை ஆப்பிள்' என்ற கிராமத்து மக்களைக் கூப்பிட்டு, ஊரைக் காலி செய்யுங்கள், எனக்குத் தோட்டம் போட இடம் வேண்டும் என்றான். முன்னோர் சமாதிகள் இருக்கின்றன என்றார்கள்; அவன் காதில் ஏறவில்லை. அறுவடை வரைக்குமாவது தவணை கொடுங்கள் என்றார்கள். கொடுத்தான், சும்மாவா? வீட்டுக்கு இவ்வளவு சோளம், ஒரு கோழி என்று தவணைக்கு வாரம் வைத்தான். நம் ஜில்லாக்களில் வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிய குத்தகை விவசாயிக்கு இந்த ஷெப்பாரை நன்றாகத் தெரியும்; பெயர்தான் வேறு.

1729 நவம்பர் 28 அன்று, வாரம் கொண்டுவருவது போல வந்த நாட்செஸ் மக்கள் கோட்டையையும் தோட்டங்களையும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். பாதிரியார் ஒருவர் எழுதிய பட்டியலின்படி 138 ஆண்கள், 35 பெண்கள், 56 குழந்தைகள் மாண்டார்கள். குழந்தைகள் செத்ததை நாம் மறைக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. அவர்களைக் கொண்டுவந்து அந்தத் தீயின் வாயில் குடிவைத்தவன் கம்பெனிக்காரன். ஷெப்பாரைத் தொட வீரர்கள் அருவருத்து, 'நாற்றம் பிடித்தவன்' என்று இகழப்பட்ட ஒருவனை அழைத்து மரத்தடியால் அடித்துக் கொல்ல வைத்தார்கள் என்று, அந்தக் காலனியில் வாழ்ந்த லெ பாஜ் டு பிராட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரே எழுதியிருக்கிறார்.

எதற்குப் பயந்தார்கள்?

கம்பெனி கவர்னர் பெரியே அம்புக்கும் துப்பாக்கிக்கும் மட்டும் பயப்படவில்லை. தோட்டங்களில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகளில் பலர் நாட்செஸ் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். நிலம் பறிகொடுத்தவனும் உழைப்பு பறிகொடுத்தவனும் கைகோத்தால் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். என்ன செய்தான்? நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில், இந்தக் கலகத்தில் சம்பந்தமே இல்லாத சவாஷா என்ற சின்னக் கூட்டம் இருந்தது. சுமார் 80 கறுப்பு அடிமைகள் கையில் ஆயுதம் கொடுத்து அந்த ஊரை அழிக்க அனுப்பினான். இரு சாராருக்கும் தீராப் பகை மூளட்டும் என்றே செய்தான்! சண்டையில் உதவிய அடிமைகள் சிலருக்கு விடுதலை என்ற எலும்புத்துண்டையும் வீசினார்கள். சோக்டா மக்களை ஏவி 1730 ஜனவரியில் நாட்செஸ்காரர்களைத் தாக்கினார்கள். நாட்செஸ் பக்கம் முன்னின்ற மூன்று கறுப்பர்களை உயிரோடு எரிக்க விட்டார்கள். மில் வாசலில் ஜாதியைக் கிளப்பிச் சங்கத்தைப் பிளக்கும் வித்தை இன்று நேற்று கண்டுபிடித்ததல்ல.

1731 ஜனவரியில் நாட்செஸ் மக்களில் பெரும்பகுதியினர் சரணடைந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள், அரசன் உள்பட, பிடிபட்டார்கள். கப்பலேற்றி, ஸான் டொமிங் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாக விற்றார்கள். அந்த நவம்பர் நாளைப் 'படுகொலை' என்று தலைப்புப் போட்டு எழுதும் புத்தகங்கள், இந்த விற்பனையை ஓரத்தில் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. கம்பெனியோ நஷ்டம் என்று அதே வருஷம் காலனியையே மன்னன் தலையில் கட்டிவிட்டு நழுவியது. லாபம் பங்குதாரனுக்கு, நஷ்டம் சர்க்காருக்கு!

பிறகு அந்தக் கோட்டை 1763ல் இங்கிலீஷ்காரனிடம் போய், ஸ்பானியன் கைக்கு மாறி, 1798ல் அமெரிக்கன் கைக்கு வந்தது. புகையிலை போய்ப் பருத்தி வந்தது. ஊரோரத்தில் பெரிய அடிமைச் சந்தை கூடிற்று. உள்நாட்டு யுத்தத்தில் 1863ல் வடக்குப் படை வந்த பிறகே அது ஓய்ந்தது. அடிமைகள் பறித்த அந்தத் தென்னாட்டுப் பருத்தியில்தான் லங்காஷயர் மில்கள் ஓடின. நம் கைத்தறிக்காரன் வயிற்றில் அடித்த சீமைத்துணியின் கதையும் அங்கிருந்து வருகிறது.

கோட்டை இருந்த இடம் இப்போது அமெரிக்கத் தேசியப் பூங்காவில் சேர்ந்தது. அந்த நகரத்தின் பெயர் இன்றும் நாட்செஸ்தான். பெயருக்கு உரியவர்களில் தப்பியவர்கள் சிக்கசா, க்ரீக், செரோக்கி மக்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். நூறு வருஷத்துக்குப் பின் அமெரிக்க சர்க்கார் அம்மக்களை மேற்கே விரட்டியபோது இவர்களும் கூடவே விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் இப்போது ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள்.