வண்டி போகும் தூரம் பாலிசி போகுமா?

கொல்லிமலைப் பிள்ளைகளின் படிப்பு இன்று மலையோடு நிற்பதில்லை. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று கல்லூரி தேடி இறங்குகிறார்கள். பெங்களூருக்குப் போகிறவர்கள் உண்டு. கடல் கடந்து படிக்க வேண்டும் என்ற ஆசையும் மலை ஏறி வந்துவிட்டது. மிளகும் காப்பியும் அன்னாசியும் விற்ற காசு கல்லூரிக் கட்டணமாகிறது. அதில் மிச்சம் பிடித்ததும் கடன் வாங்கியதும் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளாகிறது. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸை மட்டும் நம்பிக்கொண்டு அந்தப் பாதையில் தினமும் போய்வருவது எளிதல்ல. ஆகவே மலைக் குடும்பத்துக்கு வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. புத்தகத்தைப் போல அதுவும் படிப்புச் சாமான்தான்.

கல்லூரி எப்படி, விடுதிக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிற பெற்றோர், ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறார்கள். பிள்ளை ஊர் மாறினால், நாடு மாறினால், வண்டிக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? கேட்காமல் விட்ட இந்தக் கேள்விக்கு ஒருநாள் தோட்டத்தையே பதிலாகக் கொடுக்க நேரிடலாம்.

சட்டம் கேட்பது

மோட்டார் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்பது நம் நாட்டில் புதிய விஷயம் அல்ல. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற அந்த விதி, 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 146-வது பிரிவில் அதையே சொல்கிறது. பொது இடத்தில் வண்டி ஓட வேண்டுமானால், அந்த வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு கட்டும் பாலிசி இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுமுறை 4,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம்.

கோயமுத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து வருடத்துக்கும், புதிய காருக்கு மூன்று வருடத்துக்கும் இந்தக் கட்டாய இன்ஷூரன்ஸை எடுத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலிருந்தே ஒரு தவறான எண்ணமும் பிறந்துவிட்டது. “ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை” என்று பாலிசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த ஐந்து வருடம் பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் உள்ள பகுதி ஒரே வருடத்தில் முடிந்துவிட்டிருக்கலாம். பாலிசியின் முதல் பக்கத்தில் தேதிகள் இரண்டு இருந்தால், இரண்டையும் பார்க்க வேண்டும்.

மாநில எல்லையும் நாட்டு எல்லையும்

தமிழ்நாட்டு எண்ணுள்ள வண்டியோடு பெங்களூருக்குப் படிக்கப் போகும் மாணவர் பயப்பட வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் எடுத்த பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். ஓசூரைத் தாண்டியதும் அது செத்துப்போவதில்லை. ஆனால் வேறொரு விதி குறுக்கே வருகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-வது பிரிவு. மூன்று வருடப் படிப்பு என்றால் இது நிச்சயம் வரும். பதிவெண்ணும் முகவரியும் மாறினால், அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாட்டு எல்லையோ அப்படி அல்ல. பாலிசியில் “பூகோள எல்லை” என்று ஒரு வரி இருக்கிறது. அதில் “இந்தியா” என்று மட்டும் இருந்தால், சோதனைச் சாவடியைத் தாண்டிய நிமிஷத்தில் அது வெறும் காகிதம். இதற்குப் பரிகாரமும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வங்காளதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கும் பாலிசியை நீட்டிக்க இடம் கொடுத்தன. இதற்கு அவை வைத்த கூடுதல் பிரீமியம், முழு பாலிசிக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத தொகை. நீட்டிப்பு 12 மாதத்துக்கு மிகாத காலத்துக்கு. எல்லைச் சாவடியில் போய் நின்றுகொண்டு கேட்டால் இது கிடைக்காது. புறப்படுமுன் கம்பெனியில் எழுதி வாங்க வேண்டும்.

கொல்லிமலையிலிருந்து வண்டியோடு காத்மாண்டுவுக்குப் படிக்கப் போகிறவர் அபூர்வம்தான். ஆனால் மலையடிவாரத்து நாமக்கல், லாரிகளின் ஊர். எந்தச் சுமைக்கு எந்தப் பர்மிட், எந்த எல்லையில் எந்தத் தஸ்தாவேஜு என்பது அங்கே பட்டறைப் பையனுக்கும் தெரியும். லாரிக்காரர் தொழிலுக்காகக் கற்றுக்கொண்ட பாடத்தை, மாணவர் வண்டி வைத்திருக்கும் குடும்பமும் கற்றுக்கொள்வது நல்லது.

பிரயாணம் வேறு, வாசம் வேறு

வெளிநாடுகளில் இந்த விஷயம் எப்படி நடக்கிறது? ஐரோப்பாவில் 1953 ஜனவரி 1 முதல் “பச்சை அட்டை” முறை இருந்துவருகிறது. ஒரு நாட்டில் எடுத்த கட்டாய இன்ஷூரன்ஸை மறுநாட்டில் ஒப்புக்கொள்வதற்கான ஏற்பாடு அது. துருக்கி, மொராக்கோ போன்ற நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் வழக்கமான கார் பாலிசி கனடாவிலும் செல்லும். தெற்கே மெக்சிகோவில் செல்லாது. அங்கே போவதற்கு மெக்சிகோ நாட்டு இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் படிக்கும் தமிழ் மாணவர் விடுமுறைக்குக் காரில் கனடா போய் வந்தால் தொல்லை இல்லை. அதே மாணவர் கனடாக் கல்லூரியில் சேர்ந்து, காரையும் அங்கேயே வைத்துக்கொண்டால் கதை வேறு. அங்கெல்லாம் கார் இரவில் எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் பார்த்தே பிரீமியம் கணக்கிடுகிறார்கள். பிரயாணமாகப் போய் வருவது வேறு. தங்கிப் படிப்பது வேறு. பழைய முகவரியைக் காட்டிச் சில டாலர்களை மிச்சம் பிடித்தவர், விபத்து நடந்த அன்று “உண்மையை மறைத்துவிட்டீர்கள்” என்ற பதிலைக் கேட்க வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் என்பது நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். கேட்டதற்கு உண்மை சொல்வதே அதன் அஸ்திவாரம்.

இன்னொரு குழப்பம், சர்வதேச டிரைவிங் பர்மிட். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தரும் இந்தப் பர்மிட் ஒரு வருடத்துக்குச் செல்லும். அது ஓட்டுவதற்கான அனுமதியே தவிர, இன்ஷூரன்ஸ் அல்ல. பிரிட்டனில் குடியேறும் மாணவர் இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் வரைதான் ஓட்டலாம். அதற்குமேல் அந்நாட்டுச் சோதனையில் தேற வேண்டும். லைசென்ஸ் காலாவதியானால் பாலிசியும் கைவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளை போன பின்

மலைக் குடும்பத்துக்கு மிக அருகில் உள்ள ஆபத்து, வண்டி எல்லை தாண்டுவதால் வருவதல்ல. வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளை எல்லை தாண்டுவதால் வருவது. மகன் வெளிநாடு போகிறான். வண்டி திண்ணையோரம் நிற்கிறது. ஒரு வாரம் நிற்கும், இரண்டு வாரம் நிற்கும். மூன்றாவது வாரம் தம்பி சாவியை எடுப்பான். ஐந்து வருடப் பாலிசி முடியும் நாள் வரும். நினைவூட்டும் செய்தி மகனின் பழைய செல்போன் எண்ணுக்குப் போகும். அந்த எண்ணையோ அவன் நிறுத்திவிட்டிருப்பான். பாலிசி முடிந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தம்பிக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டால் விபரீதம் இன்னும் பெரிது. சிறுவரிடம் மோட்டார் வண்டியைக் கொடுத்து அவர் குற்றம் இழைக்க இடம் தந்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

வண்டி ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவருக்கு மட்டுமே. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ உள்ள வண்டியை ஓட்டிப்போய், வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானே வளைவில் சறுக்கி விழுந்து இறந்த பிள்ளைக்கு அந்தத் தொகை கிடைக்காது. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் ஸ்தானத்தில் நிற்கிறார். அவரை மூன்றாம் நபராகக் கருதி நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2009-லும் 2020-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வரும் நண்பரின் நிலையும் அப்படித்தான். சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசி அவரைக் காக்காது என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. முழு பாலிசி இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை 2009-இல் இன்ஷூரன்ஸ் ஆணையம் தெளிவாக்கியது.

கொடையல்ல, கடன்

பாலிசி இல்லாத வண்டி ஒரு கூலித் தொழிலாளி மேல் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈட்டை வண்டியின் உரிமையாளரே கட்ட வேண்டும். பாலிசி இருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். அந்த உரிமையாளர் வேறு தேசத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. வண்டியை விற்றுவிட்டதாகச் சொன்னாலும், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றாத வரை தப்ப முடியாது. 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதை ஐயமறச் சொல்லிவிட்டது.

தீர்ப்பான தொகையைக் கட்டாவிட்டால் 174-வது பிரிவு வருகிறது. தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போல அந்தத் தொகையைக் கலெக்டர் வசூலிப்பார். பிள்ளையைப் படிக்க வைத்த மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் நிற்கும் மண்மீது கை வைக்கும் அதிகாரம் அது. கொடைக்குப் பெயர் பெற்ற வல்வில் ஓரியின் மலை இது. ஆனால் நஷ்டஈடு கொடையல்ல; கடன். அடிபட்டுக் கிடப்பவரும் இன்னொரு ஏழைக் குடும்பத்தின் பிள்ளைதான். அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தே ஆக வேண்டும். அதை இன்ஷூரன்ஸ் கொடுக்கிறதா, நிலம் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியது

பிள்ளை புறப்படுமுன் குடும்பம் செய்யக்கூடியவை நான்கு. வண்டி ஓடப்போவதில்லை என்றால் விற்றுப் பெயர் மாற்றிவிடலாம். வீட்டில் ஒருவர் ஓட்டப்போகிறார் என்றால், லைசென்ஸ் உள்ள அவர் பெயருக்கே பதிவை மாற்றி, 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கலாம். பாலிசியில் உள்ள செல்போன் எண், வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். வண்டி நாட்டு எல்லையைத் தாண்டப் போகிறது என்றால், நீட்டிப்பை எழுத்தில் வாங்கட்டும்.

படிப்பு முடித்துத் திரும்புகிறவருக்கும் ஒரு செய்தி உண்டு. வெளிநாட்டில் விபத்துக் கோரிக்கை இல்லாமல் வண்டி ஓட்டியதற்குச் சான்று கொண்டுவந்தால், அந்தப் பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இங்கே எடுக்கும் புதிய பாலிசியில் அந்தச் சலுகையைக் கேட்கலாம். பலர் இதை அறியாமல் இழக்கிறார்கள்.

இதில் குடும்பத்தின் பொறுப்பு பாதிதான். மறுபாதி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த தாள்களைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் அதிலேயே இருக்கிறது” என்பது நியாயமாகாது. மருத்துவ இன்ஷூரன்ஸில் 2024 ஜனவரி முதல் எளிய தகவல் தாள் தர வேண்டும், கேட்டால் வட்டார மொழியிலும் தர வேண்டும் என்று ஆணையம் விதித்திருக்கிறது. அதே வசதி, மோட்டார் பாலிசி வாங்கும் கடைக்கோடி மனிதருக்கும் தமிழில் கிடைக்க வேண்டும். எந்த நாடு வரை செல்லும், யாரை எல்லாம் காக்கும், எந்தத் தேதியில் முடியும் என்ற மூன்று வரிகள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். கல்லூரிகள் சேர்க்கையின்போது லைசென்ஸோடு பாலிசியையும் பார்க்கலாம். போக்குவரத்துத் துறை வருடத்துக்கு ஒருநாள் செம்மேட்டில் முகாம் போட்டால், பெயர் மாற்றத்துக்காக ஏழை ஒருவர் 70 வளைவு இறங்கி ஏற வேண்டியதில்லை.

பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும் பெற்றவர்களின் மனம் கூடவே போகும். பாலிசி அப்படிப் போவதில்லை. எழுதிய எல்லையில் அது நின்றுவிடும். அந்த எல்லை எது என்பதைப் பெட்டியைத் திறந்து இன்றே பார்த்துவிடுவது நல்லது.