ஒரே வகுப்பு, வேறு வேறு அணி!

சிறுவர்களை வயது பார்த்துத்தான் கால்பந்து அணியில் சேர்க்கிறார்கள். அந்த வயதை எந்தத் தேதியில் இருந்து கணக்கிடுவது? அமெரிக்காவில் இது பெரிய விவாதம் ஆகிவிட்டது.

முன்பு அங்கே ஆகஸ்டு 1-ந் தேதி முதல் ஜூலை 31-ந் தேதி வரை பிறந்தவர்கள் ஒரு பிரிவு. பள்ளிக்கூட ஆண்டுக்கு இது ஏறக்குறைய ஒத்து இருந்தது. 2015-ம் ஆண்டில் அமெரிக்க கால்பந்து சம்மேளனம் இதை மாற்றியது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று அறிவித்தது. உலக முறையும் அதுவே என்றது.

விளைவு என்ன? 2012 அக்டோபரில் பிறந்த பையனும், 2013 மார்ச்சில் பிறந்த பையனும் ஒரே வகுப்பு. ஆட்டத்திலோ வேறு வேறு அணி! தோழனைப் பிரிந்த குழந்தைக்குப் பந்தும் கசந்துவிடாதா?

பழைய முறைக்கே திரும்புவது என்று 2025-ம் ஆண்டில் பெரிய இளைஞர் கால்பந்து அமைப்புகள் முடிவு செய்தன. 2026-27 ஆட்ட ஆண்டு முதல் மாற்றம் என்று அறிவித்தன.

நல்ல முடிவுதான். குழந்தைகள் உலகக் கோப்பைக்காக ஆட வருவது இல்லை. கூடி ஆடவே வருகிறார்கள்.

ஆனால், தேதியை மாற்றினால் மட்டும் போதாது. ஜனவரிக் கணக்கில் டிசம்பர்க் குழந்தை சிறியவன். ஆகஸ்டுக் கணக்கில் ஜூலைக் குழந்தை சிறியவன். ஏறக்குறைய ஓர் ஆண்டு வித்தியாசம்! வளர்ந்தவனைத் திறமைசாலி என்று எண்ணிவிடுகிறார்கள். சிறியவன் ஓரத்தில் உட்காருகிறான்.

கனடா ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985-ல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் இளம் வீரர்களுக்குத் தனி அணியே வைத்தார்கள்.

பயிற்சியாளர்களே! உயரத்தைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள். சிறியவனுக்கும் சம நேரம் பந்து கொடுங்கள். பிறந்த மாதம் குழந்தையின் குற்றம் அல்ல!