அசைவே தொழில், தளம் மட்டும் அசையாதா?

மோஷன் டிசைன் படித்து வெளியே வரும் இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. போர்ட்ஃபோலியோ தளம் வெள்ளையாக, அமைதியாக இருக்கட்டும். மேலே செய்த வேலைகளின் துண்டுகளைத் தொகுத்த ஷோரீல் வீடியோ, கீழே கட்டம் கட்டமாகப் படங்கள். வேலை தானே பேசும், நீ குறுக்கே வராதே. இது தவறான அறிவுரை. அடக்கம் என்ற பெயரில் அவர்களுக்கென்று இருக்கும் ஒரே மேடையையும் பிடுங்கிக்கொள்கிறது.

ஷோரீலில் உண்மையில் என்ன தெரிகிறது? ஒரு நிமிடத்துக்குள் பாய்ந்தோடும் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வாடிக்கையாளர், ஓர் ஆர்ட் டைரக்டர், ஒரு குழு. வண்ணமும் எழுத்துருவும் பிராண்டுக்குச் சொந்தம். இதில் இந்த இளைஞரின் கை எது என்று வேலைக்கு எடுப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? யார் உத்தரவும் இல்லாமல் இவர் முடிவெடுக்கிற வேலை அந்தத் தளம்தான். தொட்டதும் பட்டன் எவ்வளவு அமுங்குகிறது, மெனு எந்த வேகத்தில் விரிந்து எப்படித் தணிந்து நிற்கிறது என்பதிலேயே இவருக்கு டைமிங்கும் ஈஸிங்கும் கைவந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். டெம்ப்ளேட்டில் அது தெரிய வழியே இல்லை.

சினிமா டைட்டில்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் ஒதுக்கப்பட்டன. பெயர்ப்பட்டியல்தானே என்று, அமெரிக்கத் திரையரங்குகளில் அது ஓடி முடியும்வரை திரைச்சீலையை விலக்காமலே இருப்பார்கள். 1955இல் ஆட்டோ பிரெமிஞ்சரின் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்தின் டைட்டிலுக்கு டிசைனர் சால் பாஸ் கறுப்புப் பின்னணியில் நகரும் வெள்ளைப் பட்டைகளையும் கடைசியில் முறுக்கிய ஒரு கையையும் வைத்தார். டைட்டில் தொடங்கும் முன்பே திரைச்சீலையை விலக்கச் சொல்லும் குறிப்போடு படப்பெட்டிகள் போயின. மோஷன் டிசைனர்கள் இன்றும் முன்னோடியாகக் கொண்டாடுவது அவரைத்தான். அவரைக் கொண்டாடிக்கொண்டே தம் முகப்பை மட்டும் வெறுமையாக விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019இல் பிரான்சின் புரூனோ சிமோன் தன் தளத்தை ஒரு குட்டி முப்பரிமாண உலகமாகவே கட்டினார். கீபோர்டில் காரை ஓட்டலாம், அவர் பெயரின் எழுத்துகளையே இடித்துத் தள்ளலாம், வழியில் அவருடைய வேலைகளைப் பார்க்கலாம். அவர் மோஷன் டிசைனர் அல்ல, வெப் டெவலப்பர். ஆனாலும் ஒரு வரி படிக்கும் முன்பே அவருடைய திறமையும் குணமும் பிடிபட்டுவிடுகின்றன. இதைப் பார்த்து எல்லோரும் கார் செய்யக் கிளம்பினால் அதுவும் டெம்ப்ளேட்தான். நிதானமான அசைவை நேசிப்பவருடைய தளம் நிதானமாகவே விளையாடட்டும்.

வேலைக்கு எடுப்பவருக்கு நேரமில்லை என்பார்கள். உண்மைதான். லோடிங் திரையில் காக்கவைப்பதும், ஸ்க்ரோலைத் தன் இஷ்டத்துக்கு இழுப்பதும் அவமரியாதை. அது விளையாட்டின் குற்றமல்ல, கைத்திறனின் குறை. ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்ட லாட்டி என்ற கருவி வந்தபின், எளிய வெக்டர் அசைவுகளை வீடியோவாக ஏற்றாமல் சிறு கோப்பாகவே அனுப்ப முடிகிறது. அசைவு எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மைதான். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7இன் அசைவுகள் பலருக்குத் தலைசுற்றலைத் தந்தன. இன்று அசைவைக் குறைக்கச் சொல்லும் பயனரின் விருப்பத்தை உலாவி வழியாகவே தளம் தெரிந்துகொள்ளலாம். அதை மதித்து, வேலைகளை ஒரே கிளிக்கில் எட்டும்படி வைத்துவிட்டால் அவசரக்காரருக்கும் குறையிருக்காது.

கற்பிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசிப் பருவத்தின் புராஜெக்டாக ஷோரீலுக்குப் பதில் போர்ட்ஃபோலியோ தளத்தையே கொடுங்கள். அதன் ஒவ்வொரு அசைவுக்கும் மாணவரிடம் காரணம் கேட்டு மதிப்பெண் போடுங்கள்.