மாதிரி முந்தட்டும், டெண்டர் பிந்தட்டும்

மருத்துவமனைக் கட்டடத்தில் பொய்க்கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே கிடைப்பது சில அடி இடம்தான். ஏசி டக்ட், ஆக்சிஜன் குழாய், தீயணைப்புக் குழாய், மின்கேபிள், மேல்மாடிக் கழிவறையின் கழிவுநீர்க் குழாய் எல்லாம் அதற்குள் ஓடியாக வேண்டும். மற்றவை ஏறி இறங்கிப் போகும். கழிவுநீர் மேலேறாது. 60-க்கு 1 சரிவு என்றால் 12 மீட்டர் நீளக் குழாய் 20 செ.மீ. தாழ்ந்தே தீரும். குறுக்கே பீம் நின்றால்? தனித்தனித் தாளில் வரைந்தவர்கள் கண்ணில் இது எளிதில் படாது. கான்கிரீட் இறுகிய பிறகு பிளம்பர்தான் கண்டுபிடிக்கிறார். கோர் கட்டிங் இயந்திரம் வருகிறது. பாரம் தாங்க வேண்டிய பீமில் துளை விழுகிறது.

துறையினர் 'பிம்' என்று அழைக்கும் கட்டடத் தகவல் மாதிரி இதைத் திரையிலேயே காட்டிவிடும். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பணி, குழாய்ப்பணி வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் முப்பரிமாண மாதிரிகளை ஒன்றாக இணைத்தால், எது எதில் இடிக்கிறது என்ற பட்டியல் கைக்கு வரும். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மாதிரி செய்தால் பாதிப் பயன் போய்விடும். தள உயரமும் தூண் இடைவெளியும் தொகையும் அதற்குள் முடிவாகியிருக்கும். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கூடுதல் செலவு, கூடுதல் தாமதம், சில வேளை வழக்கு.

ஆகவே, இணைத்துச் சரிபார்த்த மாதிரி இல்லாமல் பெரிய அரசுக் கட்டடம் எதற்கும் டெண்டர் விடக் கூடாது. பொதுப்பணித் துறையில் கட்டட வேலைக்கு ஒரு பிரிவு, மின்வேலைக்கு ஒரு பிரிவு. இரண்டும் முதல் வரைபடத்திலிருந்தே சேர்ந்து உட்கார வேண்டும்.

சிறு வரைபட அலுவலகங்கள் மென்பொருள் விலைக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. சிங்கப்பூர் ஒரே நாளில் எல்லோர்மீதும் இதைச் சுமத்தவில்லை. 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தொடங்கி, 2015-இல் 5,000 சதுர மீட்டர் வரை இறங்கி வந்தது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசின் கட்டுமானங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நாம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் தொடங்கலாம். ஒரே நிறுவனத்தின் மென்பொருளை எல்லோரும் வாங்க வேண்டியதும் இல்லை, ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவத்தில் மாதிரியைக் கேட்டாலே போதும்.

இதற்கான கட்டணத்தையும் கால அவகாசத்தையும் திட்ட மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். வடிவமைப்பாளரைக் குறைந்த தொகை கேட்டார் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் அரசு அடுத்த டெண்டருக்குள் கைவிட வேண்டும்.