படம் நகரட்டும், சரக்கு மாறாதிருக்கட்டும்

கிரான் பக்கத்தில் தயிர் வாங்குகின்றவர் முதலில் விலை கேட்பதில்லை. சட்டியைச் சற்றுச் சரித்துப் பார்ப்பார். தயிர் இறுகியிருக்கின்றதா, மேலே ஆடை படிந்திருக்கின்றதா என்று கவனிப்பார். அதன் பின்னர்தான் பேரம். ஆனால் இன்று அதே தயிருக்குக் கொழும்பிலிருந்து ஓடர் கொடுப்பவரால் சட்டியைச் சரித்துப் பார்க்க முடியாது. அவர் காண்பது கைத்தொலைபேசியில் வந்த ஒரு படத்தை மாத்திரமே. மாரி காலத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கிவிட்டால் அடுத்த பக்கத்தில் இருப்பவருக்கும் இதே நிலைமைதான். படமே கடை வாசல் ஆகிவிடுகின்றது.

அசையாத படத்தை எவரும் பார்ப்பதில்லை, வீடியோ இருந்தால்தான் வியாபாரம் என்று இப்போது நம்மவர்கள் பலர் கருதுகின்றனர். ஆள் பிடித்து, கெமரா வாடகைக்கு எடுத்துச் செலவு செய்வோரும் உள்ளனர். இச்செலவு பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்கு அவசியமற்றது என்பதே எமது கருத்தாகும். தெளிவான நான்கு புகைப்படங்கள் இருந்தால் போதும். பார்ப்பவரின் கண்ணை அவற்றின் மேல் மெதுவாக நகர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது புதிய வித்தையல்ல. 1957இல் கனடாவின் தேசிய திரைப்படச் சபை ‘சிட்டி ஒப் கோல்ட்’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. தங்கம் தேடி மக்கள் குவிந்த டோசன் நகரத்தின் பழைய புகைப்படங்கள் மீது கெமராவை நகர்த்தியே அந்த நகரத்தின் கதை சொல்லப்பட்டது. அமெரிக்கரான கென் பேர்ன்ஸ் 1990இல் தமது நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றிய நீண்ட தொலைக்காட்சித் தொடரை இந்த வழியிலேயே அமைத்தார். அப்போர் நடந்த 1861 – 1865 காலத்தில் சினிமாக் கெமரா இருக்கவில்லை. புகைப்படங்கள் மாத்திரமே இருந்தன. நமது பிராந்தியத்தில் சத்யஜித் ராய் 1987இல் தமது தந்தை சுகுமார் ராயைப் பற்றி எடுத்த ஆவணப்படத்திலும் பழைய புகைப்படங்களும் சித்திரங்களுமே கதையை நகர்த்துகின்றன. 2003இல் அப்பிள் நிறுவனம் தனது ஐமூவி மென்பொருளில் இந்த உத்தியைக் கென் பேர்ன்ஸின் பெயரிலேயே சேர்த்தது. இன்று கப்கட், இன்ஷொட் போன்ற செயலிகள் மூலம் எவரும் இதைச் செய்துகொள்ளலாம்.

செய்யும் முறை இலகுவானது. முதலாவது படத்தில் மேய்ச்சல் தரையும் மாடுகளும் முழுமையாகத் தெரியட்டும். இரண்டாவதில் வரிசையாக அடுக்கிய சட்டிகள். பார்வை இடமிருந்து வலமாகச் செல்லட்டும். மூன்றாவதில் ஒரு சட்டியை மெதுவாக நெருங்கி, கரண்டி வெட்டிய இடத்தில் நிற்கட்டும். நான்காவதில் நிறையும் விலையும் தயிர் உறையவிட்ட திகதியும். ஒவ்வொரு படத்திற்கும் நான்கைந்து விநாடிகள் போதும். ஒரு படத்தில் ஒரு திசை மாத்திரமே இருக்க வேண்டும். அங்குமிங்கும் ஓடினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

படத்தைப் பெரிய அளவில் எடுப்பதும் முக்கியம். நிமிர்த்தி எடுத்த 3000க்கு 4000 புள்ளிகள் கொண்ட படத்தை, 1080க்கு 1920 என்ற வீடியோ அளவில் சுமார் இரு மடங்குவரை மங்காமல் நெருங்கிக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை நெருங்கினால் புகைதான் தெரியும்.

இதுவரை சொன்னதில் கெமரா பார்க்காத எதுவும் சேர்க்கப்படவில்லை. இருப்பதையே ஒழுங்காகக் காட்டுகின்றோம். ஆனால் இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் விடயம் வேறு. மடித்து வைத்த மருதமுனைச் சேலையின் படம் ஒன்றைக் கொடுத்தால், அது காற்றில் விரிந்து பறப்பதாகக் காட்டிவிடும். மடிப்புக்குள் இருந்த முந்தானையைக் கெமரா கண்டதேயில்லை. இப்படித்தான் இருக்கலாம் என்று இயந்திரம் தானாக வரைந்த முந்தானைதான் அது. வாடிக்கையாளர் பணம் அனுப்புவதோ அந்த முந்தானைக்காக. பார்சல் வந்து சேரும்போது வேறொன்று இருக்கும். சேலையென்றால் திருப்பி அனுப்பும் செலவு. தயிரென்றால் அதுவும் இல்லை. தயிர் திரும்பி வராது, வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார்.

‘விளம்பரம் என்றால் சற்று அலங்காரம் இருக்கத்தானே செய்யும்’ என்று சிலர் கூறலாம். உண்மைதான். பெருநாள் வாழ்த்திலே பிறை மின்னட்டும், கடை திறப்பு அறிவித்தலிலே எழுத்துகள் ஆடட்டும். அவற்றை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. விற்கும் பொருளின் நிறம், அளவு, தரம் ஆகியவற்றில் கை வைப்பதுதான் பிரச்சினை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கின்றது. கருவி செய்தது, நான் செய்யவில்லை என்று வியாபாரி ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதை வெளியிட்டவர் அவரே.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. அந்தக் குவியலின் மேற்பரப்புத்தான் இன்றைய கைத்தொலைபேசித் திரை.

ஆகவே, சாரத்தின் கரையில் நூல் பிசகியிருந்தால் படம் அந்த இடத்திற்கே நகர்ந்து நிற்கட்டும், விலையையும் அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள். சட்டியின் விளிம்பு உடைந்திருந்தால் அதையும் காட்டுங்கள். அன்று ஒரு விற்பனை தவறலாம். ஆனால் இந்தக் கடைக்காரர் குறையையும் காட்டுபவர் என்று பத்துப் பேர் அறிந்துகொண்டால், அடுத்த முறை சட்டியைச் சரித்துப் பார்க்காமலே பணம் அனுப்புவார்கள்.